இருமலைக் காசம் என்று நினைத்த காலம்: சி.டி. ஸ்கேன் வந்த கதை

கெடா மாநிலத் தோட்டங்களில் நெடுங்காலமாக இருமலுக்கு இரண்டே பெயர்கள்தான் இருந்தன. இரண்டு வாரம் இருமினால் சளி. இரண்டு மாதம் இருமினால் காசம். பொழுது விடியுமுன் பால்மரம் சீவக் கிளம்பும் உடம்பு, பனியில் நனையும் நெஞ்சு, விறகடுப்புப் புகை, சாயங்காலத்தில் ஒரு சுருட்டு அல்லது சிகரெட். இருமலுக்குக் காரணம் தேடி யாரும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நுரையீரல் புற்றுநோய் என்ற பெயர் லயத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நோயாளி பாதி உடம்பாகியிருப்பார்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரத் தாமான்களில் குடியேறிய பிள்ளைகள், வயதான பெற்றோருக்கு ஏதாவது என்றால் உடனே சொல்வது, “ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம், அப்பா” என்பதுதான். தனியார் மருத்துவமனைகளின் பரிசோதனைப் பொட்டலங்களும் அந்த ஆசைக்குத் தீனி போடுகின்றன. உடம்பில் எங்கே புற்று ஒளிந்திருந்தாலும் சி.டி. ஸ்கேன் காட்டிக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை? அதை எடைபோட, அந்த இயந்திரம் எங்கே பிறந்தது, எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிரஸர் ஐயாவும் நெஞ்சுப் படமும்

தோட்டத்து மருத்துவம் என்றால் டிரஸர்தான். பெரிய தோட்டங்களில் சிறு மருத்துவமனையும் சில கட்டில்களும் இருந்தன. மற்ற இடங்களில் ஓர் அறை, ஒரு மருந்து அலமாரி. மலேரியா, வயிற்றுப்போக்கு, வெட்டுக்காயம், பிரசவம் எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் ஆள். வருகை தரும் மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வருவார். டிரஸர் வேலைக்கு முறையான பதிவு வேண்டும் என்று 1965-ல் தனிச் சட்டமே வந்தது. அந்த மனிதர்கள் செய்த சேவையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், அனுபவம் ஆகிய மூன்றே. நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நோயாளியைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம் பெரும்பாலும் காசநோயைத் தேடியது. அதில் தவறு இல்லை. காசநோய் அன்று நாட்டின் பெரும் கொலையாளிகளில் ஒன்று; தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-ல் தொடங்கியது. அந்தத் திட்டம் எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. நீடித்த இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு, இரவு வியர்வை என்ற அடையாளங்கள் காசநோய்க்கும் உண்டு, நுரையீரல் புற்றுக்கும் உண்டு. படத்திலும் இரண்டும் வெள்ளைத் திட்டாகவே விழும். காசநோய் மிகுந்த நாடுகள் எல்லாவற்றிலும் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினர் முதலில் காசநோய் மருந்து சாப்பிட்டு, மாதக் கணக்கில் காலம் கடந்த பிறகே உண்மையைத் தெரிந்துகொள்கிறார்கள். மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பப் பதிவான உண்மை இது.

எக்ஸ்ரே ஒரு நிழல். சுவரில் விழும் கை நிழலைப் பார்த்து, விரல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று சொல்ல முடியாது அல்லவா? நெஞ்சுப் படத்திலும் விலா எலும்பு, இருதயம், ரத்தக் குழாய், நுரையீரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே நிழலாகிவிடுகின்றன. விலா எலும்புக்குப் பின்னாலோ இருதயத்தின் மறைவிலோ ஒரு சென்டிமீட்டர் கட்டி உட்கார்ந்திருந்தால், தேர்ந்த கண்ணுக்கும் அது தப்பிவிடும். வில்ஹெல்ம் ரொண்ட்கன் 1895 நவம்பரில் ஜெர்மனியில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து முக்கால் நூற்றாண்டு காலம் மருத்துவ உலகம் இந்த நிழலோடுதான் மல்லுக்கட்டியது.

பனிச்சரிவுக்காரர்கள் மட்டும் கேட்ட கடிதம்

நிழல்களைக் கொண்டு உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம் என்பதை முதலில் நிறுவியவர் ஒரு கணித அறிஞர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த யோகான் ராடோன் 1917-ல் அதற்கான சமன்பாட்டை எழுதினார். ஒரு பொருளை எல்லாக் கோணங்களிலிருந்தும் பார்த்து நிழல்களைச் சேகரித்தால், பொருளைத் திறக்காமலே உள்ளமைப்பை வரைந்துவிடலாம் என்பது அதன் சாரம். அவருக்கு மருத்துவம் நினைவில் இல்லை. அந்தக் கட்டுரையை மருத்துவர்கள் யாரும் படிக்கவும் இல்லை.

1956-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஆலன் கோர்மாக் என்ற இயற்பியலாளர், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் கவனிக்கும் பகுதி நேர வேலையை ஏற்றார். உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு கதிரை விழுங்கும் என்று தெரியாமல் சிகிச்சை அளவைத் திட்டமிடுகிறார்களே என்று அவருக்கு உறுத்தியது. ராடோனைப் பற்றி அறியாமலே அதே கணக்கை அவர் புதிதாகப் போட்டு, 1963-லும் 1964-லும் வெளியிட்டார். மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது. மலைப் பனியின் அடர்த்தியை அளக்க உதவுமா என்று பார்க்க அவர்களுக்கு ஆசை!

மூன்றாவது மனிதர் காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் விவசாயக் குடும்பத்தில் 1919-ல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். போர்க்காலத்தில் விமானப் படையில் ராடார் படித்து, பிறகு இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். (பீட்டில்ஸ் பாட்டு விற்ற பணத்தில்தான் சி.டி. ஸ்கேன் பிறந்தது என்று சொல்வார்கள். கேட்க இனிக்கும் கதை. ஆனால் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை கொடுத்த பணத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.) அவருடைய முதல் சோதனை இயந்திரம் ஒரு பழைய கடைசல் எந்திரத்தின் அடித்தளத்தில் பொருத்தப்பட்டிருந்தது. ஒரே ஒரு படத்துக்கான அளவுகளைச் சேகரிக்க 9 நாள்கள் பிடித்தன. மாட்டு மூளையை இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கி, லண்டன் போக்குவரத்து வண்டியில் அவரே தூக்கிக்கொண்டு வந்து சோதித்தார்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளி படுக்க வைக்கப்பட்டார். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணி அவர். மருத்துவர் ஜேம்ஸ் அம்புரோஸ் உடன் இருந்தார். கணக்குப் போடும் கணினி மருத்துவமனையில் இல்லை. அளவுகள் பதிந்த காந்த நாடாவை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். 80-க்கு 80 கட்டம், அதாவது 6,400 புள்ளிகள் மட்டுமே கொண்ட சொரசொரப்பான படம் வந்தது. அதில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் திறந்தபோது, படத்தில் இருந்தபடியே கட்டி இருந்ததாக மருத்துவர் உறுதி செய்தார். ஆகவே சி.டி. ஸ்கேன் மனிதருக்கு முதன்முதலில் காட்டியதே ஒரு மூளைக் கட்டியைத்தான். 1979-ல் கோர்மாக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிண்டியிலிருந்து ஒரு கணக்கு

இந்த வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது என்பது நம் மக்களில் பலருக்குத் தெரியாது. கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், சுருக்கமாக ஜி.என்.ராமச்சந்திரன், 1922-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சர் சி.வி.ராமனின் மாணவர். 1952-ல், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். அப்போதைய துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் ஒரு மருத்துவர். உயிரினப் பொருள்களை இயற்பியல் கண்ணோடு பார்க்கும் துறை கிண்டி வளாகத்தில் வளர்ந்தது. தோல், எலும்பு, தசைநார்களில் உள்ள கொல்லாஜன் என்ற புரதம் மூன்று புரி கயிறாக முறுக்கியிருக்கிறது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் சொன்னது உலகப் புகழ் பெற்றது. அதே 1954-ல்தான் சில மைல் தள்ளி அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள்தான். ஆனாலும் சேர்த்து நினைக்கத் தோன்றுகிறது.

1971-ல், அட்கின்சன் மார்லியில் முதல் நோயாளி படுத்த அதே ஆண்டில், ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பொருள் இதுதான். ஒவ்வொரு கோணத்திலும் கிடைக்கும் நிழலை அப்படியே திரும்பப் பூசினால் படம் வரும். ஆனால் ஈரத் துணியில் மை பரவியது போல ஓரங்கள் கலங்கிப் போகும். கலங்கலை நீக்க அதுவரை இருந்த வழிக்குக் கணினி மிக நீண்ட நேரம் உழைக்க வேண்டும். ஒவ்வொரு நிழலையும் பூசுவதற்கு முன்பே ஒரு குறிப்பிட்ட எண் வரிசையால் பெருக்கிக் கூட்டி கூர்மையாக்கிக்கொண்டால் போதும், வேலை பல மடங்கு சுருங்கிவிடும் என்று இருவரும் காட்டினார்கள். வானொலி விண்மீன் ஆய்வில் ரொனால்ட் பிரேஸ்வெல் இதையொத்த வழியை 1967-லேயே பயன்படுத்தியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஊடுகதிர்ப் படங்களுக்கு எளிய வாய்ப்பாடாக அதைக் கொடுத்தது சென்னைக்காரர்களின் கட்டுரைதான். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரம் வேறு சுற்றுவழியில் கணக்குப் போட்டது. பிறகு வந்த இயந்திரங்கள் இந்த வழிக்கு மாறின. பல பத்தாண்டுகள் உலகெங்கும் சி.டி. படங்கள் இந்த முறையில்தான் உருவாயின. மருத்துவப் பொறியியல் பாடநூல்களில் அதன் பெயர் இன்றும் ‘ராம்-லக் வடிகட்டி’.

ராமச்சந்திரன் இயந்திரம் எதையும் செய்யவில்லை; அதைச் செய்ய அவரிடம் ஒரு ஈ.எம்.ஐ. இல்லை. 2001-ல் சென்னையில் காலமானார். சி.டி. அறையிலிருந்து வெளியே வரும் கெடாத் தமிழருக்குத் தன் படத்தின் கணக்கில் கிண்டியின் பங்கு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பள்ளிப் பாடநூலிலாவது இடம்பெற வேண்டிய செய்தி இது.

ஒரே மூச்சில் ஒரு நெஞ்சு

முதல் இயந்திரங்கள் தலையை மட்டுமே படம் எடுத்தன. தலை அசையாது; நெஞ்சோ மூச்சுக்கு மூச்சு அசையும். ஒரு வெட்டுப்படத்துக்கே ஐந்து நிமிடம் ஆகும் இயந்திரத்தில் நுரையீரலைப் பார்க்க முடியாது. 1989 வாக்கில் சுருள் முறை வந்தது. படுக்கை நகர்ந்துகொண்டே இருக்க, கதிர்க் குழாய் நில்லாமல் சுற்றும். நூல்கண்டு சுற்றுவது போல உடம்பைச் சுற்றி அளவெடுக்கும். நோயாளி ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் முழுவதும் படமாகிவிடும் நிலை வந்தது. 1998-ல் ஒரே சுற்றில் நான்கு வெட்டுகள், 2004-ல் 64 வெட்டுகள் எனப் பெருகியது. 2021-ல் கதிரின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே எண்ணும் புதிய வகை இயந்திரத்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நுணுக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது.

வேகம் கூடியதும் ஓர் எண்ணம் பிறந்தது. நோயே தெரியாத ஆளைப் படுக்க வைத்து, புற்று சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் என்ன? ஜப்பானில் 1996-ல் நாகானோ வட்டாரத்தில் சி.டி. இயந்திரத்தை ஒரு வாகனத்தில் ஏற்றி ஊர் ஊராக ஓட்டிச் சென்றார்கள். 1999-ல் நியூயார்க்கில் கிளாடியா ஹென்ஷ்கி குழுவினர், புகைபிடிக்கும் பழக்கமுள்ள 1,000 பேரைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். சி.டி. 27 பேரிடம் புற்றைக் கண்டது. அதே ஆள்களின் எக்ஸ்ரே 7 பேரிடம் மட்டுமே கண்டது.

அதிகம் கண்டுபிடிப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு. இதைத் தீர்த்து வைக்க அமெரிக்காவில் 2002 முதல் 53,454 பேரைச் சேர்த்து ஒரு பெரும் ஆய்வு நடந்தது. 55 முதல் 74 வயது வரை உள்ளவர்கள். நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் 30 ஆண்டு, அல்லது இரண்டு பாக்கெட் வீதம் 15 ஆண்டு புகைத்தவர்கள். பாதிப் பேருக்கு ஆண்டுக்கொரு முறை மூன்று தடவை குறைகதிர் சி.டி., மறுபாதிக்கு எக்ஸ்ரே. 2011-ல் வந்த முடிவு: சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றால் சாவது 20 விழுக்காடு குறைந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்த நெல்சன் ஆய்வு 2020-ல் ஆண்களிடம் 24 விழுக்காடு குறைவைக் காட்டியது. நுரையீரல் புற்று வரலாற்றில் இது பெரிய செய்தி. பல பத்தாண்டுகள் எக்ஸ்ரே எடுத்தும், சளியைச் சோதித்தும் சாவைக் குறைக்க முடியாமல் தோற்ற நோய் அது.

அதே ஆய்வின் மறுபக்கத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. மூன்று சுற்றுகளிலும் சேர்த்து, சி.டி. படங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ‘சந்தேகம்’ என்று வந்தது. அப்படிச் சந்தேகப்பட்டவற்றில் 96 விழுக்காடு புற்றே அல்ல. பழைய தழும்பு, சிறு வீக்கம், ஒன்றுமில்லாத முடிச்சு. ஓர் உயிரைக் காப்பாற்ற ஏறத்தாழ 320 பேரைச் சோதிக்க வேண்டியிருந்தது. பயந்து நடந்த நாள்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தது எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

கெடாவுக்கு இது எப்படிப் பொருந்தும்?

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2007 முதல் 2011 வரை 103,507 புதிய நோயாளிகள் பதிவானார்கள். 2012 முதல் 2016 வரை அது 115,238 ஆனது. நுரையீரல் புற்று கண்டுபிடிக்கப்படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் மூன்றாவது அல்லது நான்காவது கட்டத்தில் வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் கத்தியால் அகற்றிக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகக் குறைவு. நாற்பது ஆண்டு சிகரெட் பிடித்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கோ லாரி ஓட்டுநருக்கோ குறைகதிர் சி.டி. பற்றி மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. அந்த அறிவியல் அவரைப் போன்றவர்களை வைத்துத்தான் நிரூபிக்கப்பட்டது.

ஆனால் இந்தியச் சமூகத்தைத் தாக்கும் புற்று எது என்று பார்த்தால் படம் மாறுகிறது. நம் ஆண்களிடம் நுரையீரல் புற்று சீனர்களையும் மலாய்க்காரர்களையும் விடக் குறைவு. பெண்களிடம் மார்பகப் புற்று முதலிடத்தில் நிற்கிறது. இருபாலரிடமும் பெருங்குடல் புற்று முன்வரிசையில் வருகிறது. வாய்ப்புற்றோ மற்ற இனங்களை விட இந்தியரிடம் வெகுவாக அதிகம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அதோடு சம்சுவும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது.

இவற்றில் எதையும் முதலில் கண்டுபிடிக்க சி.டி. தேவையில்லை என்பதுதான் வியப்பு. வாய்ப்புற்றின் ஆரம்பம் கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ தெரியும் ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத ஒரு புண். பல் மருத்துவரின் சிறு கண்ணாடியும் விளக்கும் போதும். சி.டி. அதைக் காட்டாது, நோய் உறுதியான பிறகு, தாடை எலும்புக்குள் போயிருக்கிறதா, கழுத்து நெறிகட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது உதவும். மார்பகத்துக்கு மெமோகிராம். பெருங்குடலுக்கு மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. கிளினிக் கெசிஹாத்தானில் கொடுக்கும் சிறு குப்பியோடு வேலை முடிகிறது. கருப்பை வாய்க்கு 2019 முதல் படிப்படியாக எச்.பி.வி. சோதனை வந்தது; 13 வயது மாணவிகளுக்கு 2010-லிருந்து தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மலேசியாவின் பொதுச் சோதனைத் திட்டங்கள் இந்த மூன்று உறுப்புகளைச் சுற்றித்தான் வளர்ந்தன. வருமானம் குறைந்தோருக்காக 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், 40 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் பரிசோதனையும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும் வைக்கப்பட்டன. பேருந்துக் கட்டணம் இல்லாமல் பாதியில் சிகிச்சையை விட்டவர்களைக் கண்ட ஊர்களுக்கு அந்தத் தொகையின் அர்த்தம் நன்றாகவே புரியும்.

அப்படியானால் நோய்க்குறி எதுவும் இல்லாத, புகைக்காத ஒருவர் சில ஆயிரம் ரிங்கிட் செலவழித்துத் தலை முதல் கால் வரை சி.டி. எடுப்பது? அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டையொட்டி இந்த மோகம் ஒரு சுற்று வந்து அடங்கியது. நோயில்லாத ஆளுக்கு முழு உடல் சி.டி. நன்மை தரும் என்பதற்குச் சான்று இல்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமே சொன்னது. கதிர்வீச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுரையீரலுக்கான குறைகதிர்ச் சோதனை சுமார் 1.5 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்தே ஆண்டுதோறும் நம்மேல் விழுவது உலகச் சராசரியில் 2.4. சாதாரண நெஞ்சு சி.டி. அதைவிடப் பல மடங்கு, முழு உடல் என்றால் இன்னும் அதிகம். 2023-ல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 9 கோடியே 30 லட்சம் சி.டி. படங்களால் எதிர்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுகள் உண்டாகலாம் என்று 2025-ல் வெளியான ஒரு கணிப்பு கூறியது. தேவையுள்ளவருக்கு இந்த ஆபத்து அற்பம். தேவையில்லாதவர் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? இன்னொன்று: வயிற்றுக்கும் கழுத்துக்கும் எடுக்கும் சி.டி.யில் பெரும்பாலும் அயோடின் மருந்து ஏற்றுவார்கள். இனிப்பு நீர் வியாதியும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள், நம்மிடையே அவர்கள் கொஞ்சமல்ல, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குறைகதிர் நுரையீரல் சோதனைக்கு அந்த ஊசி இல்லை.

புகைக்காத ஆசியப் பெண்களுக்கும் நுரையீரல் புற்று வருகிறது என்பது உண்மை. தைவானில் புகைக்காத, ஆனால் குடும்பத்தில் நுரையீரல் புற்று போன்ற வேறு காரணங்கள் உள்ள 12,011 பேரைச் சோதித்ததில் 2.6 விழுக்காட்டினரிடம் அது இருந்தது. 2022-ல் அந்நாடு குடும்ப வரலாறு உள்ளவர்களையும் சேர்த்துத் தேசியத் திட்டம் தொடங்கியது. இப்படிக் கிடைத்த சிறு புற்றுகளில் எத்தனை உண்மையில் ஆளைக் கொல்லும், எத்தனை வாழ்நாள் முழுவதும் சும்மா கிடக்கும் என்ற வாதம் முடியவில்லை.

தழும்பா, புற்றா?

கெடாவின் பழைய தோட்ட மக்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. இளமையில் காசம் வந்து குணமானவர்கள் பலர். அந்தக் காசம் நுரையீரலில் தழும்பை விட்டுப் போயிருக்கும். சி.டி.யில் அது ஒரு முடிச்சாகத் தெரியும். அமெரிக்கக் கணக்கைவிட இங்கே பொய்ச் சந்தேகங்கள் கூடுவதற்கு இதுவே காரணமாகலாம். இங்கே ஹவுன்ஸ்ஃபீல்ட் மறுபடியும் கைகொடுக்கிறார். அவர் பெயரால் அமைந்த அளவையில் தண்ணீர் பூஜ்யம், காற்று கழித்தல் 1,000. சுண்ணாம்பேறிய பழைய தழும்பு அந்த அளவையில் எலும்பைப் போல மேலே நிற்கும். புற்று பெரும்பாலும் சாதாரணச் சதையின் எண்ணில் இருக்கும். எண் சந்தேகமாக இருந்தால் காலம் தீர்ப்புச் சொல்லும். மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு கழித்து மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள். கெட்டியான ஒரு முடிச்சு இரண்டு ஆண்டுகள் வளராமல் அப்படியே இருந்தால் அதைத் தழும்பென்றே கொள்வது வழக்கம்.

அதனால்தான் முதல் படத்தோடு பயந்து ஓடிவிடுவதும், ‘நான்கு மில்லிமீட்டர்தானே’ என்று இரண்டாவது தவணைக்குப் போகாமல் விடுவதும் ஒரே அளவு கேடு. தவணைக்குப் போவது இந்த மக்களுக்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை. பினாங்கில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை 1976-ல் திறந்தபோது, பாலிங்கிலிருந்தோ கோலக்கெட்டிலிலிருந்தோ வருபவர் பட்டர்வொர்த்தில் படகுக்குக் காத்திருக்க வேண்டும். பாலம் வந்தது 1985-ல்தான். இன்று சுங்கைப் பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையும் அலோர் ஸ்டாரின் சுல்தானா பாஹியா மருத்துவமனையும் இருக்கின்றன. தூரம் சுருங்கியிருக்கிறது. ஆனால் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் உட்கார வேண்டிய நிலை பலருக்கு மாறவில்லை.

பழைய காசநோயாளிகளின் வீடுகளில் ஒரு பொருள் இன்னும் இருக்கலாம். 20 ஆண்டுக்கு முன்னால் எடுத்த நெஞ்சுப் படம், பழுப்பு உறைக்குள், துணி அலமாரியின் அடியில். வீடு மாறும்போது அதைக் குப்பையில் போட்டவர்கள் பலர். அந்தப் படத்தில் அதே இடத்தில் அதே திட்டு இருந்தால், புது மருத்துவர் ஊசி போட்டுச் சதை எடுக்கத் தேவையில்லாமல் போகலாம். அன்று இல்லாத திட்டு இன்று இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது படங்கள் கணினித் தட்டில் வருகின்றன. எந்த மருத்துவமனையில், எந்த ஆண்டில் எடுத்தது என்று உறையின் மேல் எழுதி, அடையாள அட்டை நகலோடு ஒரே இடத்தில் வைத்து, அடுத்த தவணைக்குப் போகும்போது பழையதையும் புதியதையும் சேர்த்தே கையில் எடுத்துப் போக வேண்டும்.